வீட்டுக் கணினியில் வேற்றுலக உயிர் தேடியதெல்லாம் வீணா?

உவர்மலை பழைய பென்டியம் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். செட்டி அட் ஹோம் பற்றி எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது பேச்சைத் தொடங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் இல்லை. சரி, நானே தொடங்குகிறேன், கொஞ்சம் நீளும்.

தெரியாதவர்களுக்காக: கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1999 மே 17இல் தொடங்கிய, வேற்றுலக உயிர்களின் வானொலிச் சமிக்ஞையைத் தேடிய திட்டம் அது. புவேர்ட்டோ ரிக்கோவில் மலைப்பள்ளத்துக்குள் கட்டியிருந்த 305 மீற்றர் அகல அரெசிபோ தொலைகாட்டி வானத்திலிருந்து பதிந்த வானொலி இரைச்சலைத் துண்டு துண்டாக வெட்டி உலகம் முழுக்க வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புவார்கள். நாங்கள் கணினியைச் சும்மா விட்டிருக்கும் நேரத்தில் அது அந்தத் துண்டை அலசி, இயற்கையில் வராத மாதிரிக் குறுகலான அலை ஏதும் அதற்குள் இருக்கிறதா என்று பார்த்து விடையைத் திருப்பி அனுப்பும். 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2020 மார்ச் 31உடன் புதிய வேலை அனுப்புவதை நிறுத்தினார்கள். அதே வருடம் டிசம்பர் 1ஆம் திகதி அரெசிபோவின் மேல்மேடை அறுந்து விழுந்து கிண்ணத்தை உடைத்துவிட்டது.

இப்போது எழுதக் காரணம், அந்த 21 வருட வேலையின் கணக்கு முடிந்து 2025இல் ஆய்வுக் கட்டுரைகளாக வந்துவிட்டது. எங்கள் கணினிகள் எல்லாம் சேர்ந்து "இதைப் பாருங்கள்" என்று அனுப்பிய குறிப்புகள் 1,200 கோடி. அதில் செய்மதி, ராடார், ரீவி என்று பூமியின் சொந்தச் சத்தத்தைக் கழித்துக் கழித்து வந்தால் கடைசியில் மிஞ்சியது சுமார் 100. அந்த 100 இடங்களையும் சீனாவின் 500 மீற்றர் பாஸ்ட் தொலைகாட்டியால் 2025 யூலையிலிருந்து மறுபடி பார்க்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன் சுற்றியிருக்கிறவர்கள் கேட்பது, "அப்ப ஒன்றும் கிடைக்கவில்லைதானே, அத்தனை கரண்டும் வீண்தானே" என்று. என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியாது. எவ்வளவு இடம் பார்த்தோம், எவ்வளவு மெல்லிய சத்தம் வரை எங்களால் கேட்டிருக்க முடியும் என்று தெரிந்துகொண்டு "இல்லை" என்று சொன்னால் அது ஒரு அளவீடு. அவர்கள் தாங்களே போலிச் சமிக்ஞைகளை உள்ளே கலந்து, அலசும் முறை அவற்றைப் பிடிக்கிறதா தவறவிடுகிறதா என்று சோதித்திருக்கிறார்கள். ஆகவே "இந்த வானத்துண்டில், இந்த மீடிறனில் (அதிர்வெண்ணில்), இந்தச் சக்திக்கு மேல் ஒருவரும் தொடர்ந்து ஒலிபரப்பவில்லை" என்று இன்று ஓரளவு துணிந்து சொல்லலாம். 1998இல் அப்படிச் சொல்ல ஒருவராலும் முடியாது. திருகோணமலையில் ஒரு மேசைக்குக் கீழே இருந்த பென்டியமும் அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்தாவது எழுதியிருக்கிறது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கிண்ணியா தம்பி எழுதியது:

அண்ணன், நான் 2001இல் பிறந்தவன், நீங்கள் சொல்கிற காலம் எனக்குத் தெரியாது. கோபிக்காமல் ஒரு கேள்வி. 100 வாட் இழுக்கிற கணினியை 24 மணி நேரமும் ஓட விட்டால் நாளுக்கு 2.4 யூனிட், மாதம் 72 யூனிட். எங்கள் ஊரில் சிறிய குடும்பம் ஒன்று மாதம் முழுக்கப் பாவிக்கிற கரண்டுக்குக் கிட்ட வருகிறது. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், அதற்குப் பிறகு கட்டணமும் ஏறியது. டெங்கு, புற்றுநோய் என்று மருந்து தேடுகிற திட்டங்களுக்கும் இதே மாதிரிக் கணினி நேரம் கொடுக்கலாம் என்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஏன் வேற்றுக்கிரகம்?

இன்னொன்று, இதெல்லாம் ஏன் பெரிய கணினி ஒன்றில் அவர்களே செய்யவில்லை? எங்களுடைய பழைய மெசினில் அப்படி என்ன இருக்கிறது?

உவர்மலை பழைய பென்டியம் எழுதியது:

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பெரிய கணினி வாங்கக் காசில்லை. நாசா 1992 ஒக்டோபரில் இந்தத் தேடலைப் பெரிதாகத் தொடங்கியது, ஒரே வருடத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் பணத்தை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு நன்கொடையில்தான் வண்டி ஓடியது. அரெசிபோவில் பதிந்த நாடாக்களைத் தபாலில் பேர்க்லிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து அந்தக் காலத்தில் இணையத்தில் அனுப்ப முடியாத அளவு பெரியவை. வந்ததை என்ன செய்தார்கள் என்று பார். 1420 மெகாஹேர்ட்ஸை நடுவில் வைத்து 2.5 மெகாஹேர்ட்ஸ் அகலம், அதை 256 கீற்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 10 கிலோஹேர்ட்ஸ். நீளவாக்கில் 107 செக்கன். இதுதான் ஒரு துண்டு, சுமார் 340 கிலோபைட். எங்கள் டயல் அப் இணைப்பில் ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும், பிறகு ரெலிபோனை வைத்துவிடலாம், அலசுவதற்கு இணையம் தேவையில்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து பாகம் பாகமாகக் கொண்டுவந்து பூட்டிய மெசினில் எனக்கு ஒரு துண்டு முடிய இராப்பகலாக ஓடும்.

ஏன் அவ்வளவு நேரம்? பூமி சுற்றுகிறது, வேற்றுலக ஆட்களுடைய கிரகமும் சுற்றும். ஆகவே அங்கிருந்து நேர்த்தியாக ஒரே மீடிறனில் வரும் அலைகூட எங்களிடம் வரும்போது மெதுவாக நழுவிக்கொண்டே இருக்கும், டொப்ளர் விளைவு. பூமத்திய ரேகைப் பக்கத்தில் பூமியின் சுழற்சி மட்டும் 1420 மெகாஹேர்ட்ஸில் செக்கனுக்கு 0.16 ஹேர்ட்ஸ் வரை நழுவ வைக்கும். 107 செக்கனில் அது 17 ஹேர்ட்ஸ். அந்த மென்பொருள் பார்த்த மிக நுண்ணிய அகலமோ 0.075 ஹேர்ட்ஸ்! நழுவலைத் திருத்தாமல் பார்த்தால் சமிக்ஞை அந்த அகலமுள்ள இருநூறு பெட்டிகளுக்கு மேல் சிதறி இரைச்சலுக்குள் மறைந்துபோகும். அவர்களுடைய கிரகம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் ஆயிரக்கணக்கான நழுவல் வேகங்களை ஒவ்வொன்றாக ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் முழுத் துண்டையும் திருத்தி, மறுபடி மறுபடி மீடிறன்களாகப் பிரிக்க வேண்டும். கணினி நேரமெல்லாம் அங்கேதான் போனது. ஒரு துண்டின் விடைக்கும் மற்றத் துண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதால் இலட்சம் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அனுப்பி விடை ஒத்துவருகிறதா என்றும் பார்ப்பார்கள்.

அதற்குள் எனக்குப் பிடித்த ஒரு சோதனை இருந்தது. வானத்தில் ஒரு புள்ளி அரெசிபோவின் பார்வைக்குள் வந்து வெளியே போக சுமார் 12 செக்கன் எடுக்கும். உண்மையாக வானத்திலிருந்து வருவதென்றால் அந்த 12 செக்கனில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். திடீரென்று வந்து திடீரென்று நின்றால் அது பூமியின் குப்பை. இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு உறுதியாகவும் ஒரு வடிகட்டி இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கரண்ட் விடயத்தில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. மருந்து தேடுகிற திட்டத்துக்குக் கொடுக்கிறவர் நல்ல வேலைதான் செய்கிறார். ஆனால் வீட்டில் கஷ்டம் இருந்தால் எந்தத் திட்டத்துக்கும் 72 யூனிட் கொடுக்க வேண்டியதில்லை, அது செட்டிக்கு மட்டும் உள்ள கேள்வி இல்லை. நான் அன்றும் எனக்குத் தேவையாக மெசின் ஓடிய நேரத்தோடுதான் அதையும் ஓட விட்டேன்.

சாம்பல்தீவு டீச்சர் எழுதியது:

உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். டொப்ளர் விளைவைப் படிப்பிக்க அம்புலன்ஸ் சத்தத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், மேலே எழுதிய 17 ஹேர்ட்ஸ் கணக்கை இனி வகுப்புக்குக் கொண்டுபோவேன்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனித் தொடர்பு இருக்கிறது. அரெசிபோவின் கிண்ணம் அசையாது, ஆகவே அது வானத்தின் ஒரு பட்டியை மட்டும்தான் பார்த்தது. வான நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கிலிருந்து வடக்கே 38 பாகை வரை என்று சொல்லலாம். திருகோணமலை 8.6 பாகை வட அகலாங்கு. அதாவது எங்கள் உச்சிக்கு மேலே நேராகக் கடக்கும் வானம் அந்தப் பட்டிக்குள் முழுதாக அடங்குகிறது. திருவோணம் என்று நாங்கள் சொல்லும் அல்டேர் நட்சத்திரம் இங்கே கிட்டத்தட்டச் சரியாக உச்சியில் கடக்கும், 17 ஒளியாண்டு தூரம். திருவாதிரையும் உச்சியிலிருந்து ஒரு பாகை அளவுதான் விலகும். 2004இல் பத்திரிகைகளில் அடிபட்ட எஸ்எச்ஜிபி02+14ஏ என்ற செட்டி அட் ஹோம் சமிக்ஞை வந்த திசையும் அப்படித்தான், மீனத்துக்கும் மேடத்துக்கும் இடையில், எங்கள் உச்சிக்குச் சற்று வடக்கே. அது மூன்று தடவை பதிவாகி, மொத்தமாக ஒரு நிமிடம் அளவே கேட்டது, திட்டத்து விஞ்ஞானிகளே அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்றார்கள்.

அமெரிக்க வானியலாளர் பிராங்க் டிரேக் 1960இல் முதன்முதலாகக் காது கொடுத்த இரண்டு நட்சத்திரங்கள், டோ செட்டியும் எப்சிலன் எரிடானியும், எங்களுக்கு டிசம்பர் முன்னிரவில் உயரமாக வரும். அது வடகீழ்ப் பருவமழைக் காலம், கண்ணால் பார்ப்பது கஷ்டம். ஆனால் 1420 மெகாஹேர்ட்ஸ், அதாவது 21 சென்ரிமீற்றர் அலைக்கு முகில் ஒரு தடையே இல்லை.

தேடிய அளவைப் பற்றி இந்தத் துறையின் வானியலாளர் ஜில் டார்டர் சொன்ன ஒப்பீட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: கடலில் ஒரு குவளை தண்ணீரை அள்ளிப் பார்த்துவிட்டுக் கடலில் மீனே இல்லை என்று சொல்ல முடியுமா? 2018இல் வானியலாளர் ஜேசன் ரைட்டும் வேறு இருவரும் சேர்ந்து திசை, மீடிறன், சக்தி, நேரம் எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தபோது, இப்போது குவளை என்பது சிறிய நீச்சல் குளம் அளவுக்கு வந்திருக்கிறது என்று கண்டார்கள். கடல் அப்படியே கிடக்கிறது.

நிலாவெளி அலை எழுதியது:

மச்சான், நீ எழுதியதை முழுக்க வாசித்தேன். எனக்கு இந்தத் துறையில் நம்பிக்கை குறைவு, ஏன் என்று சொல்கிறேன். 2012 டிசம்பர் கடைசியில் பொலன்னறுவை அரலகங்வில பக்கம் விண்கல் விழுந்தது என்று கல்லுகள் எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? எங்கள் பக்கத்து மாவட்டம். சந்திர விக்கிரமசிங்க அந்தக் கல்லுக்குள் டயற்றம் பாசி இருக்கிறது, பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்கு இது சான்று என்று 2013இல் எழுதினார். அவர் சாதாரண ஆள் இல்லை, பிரித்தானிய வானியலாளர் பிரெட் ஹொய்லோடு சேர்ந்து வேலை செய்தவர், எங்கள் நாட்டவர் என்று பெருமையாகவும் இருந்தது. அப்புறம் மற்ற விஞ்ஞானிகள், அது விண்கல்லே இல்லாமல் இருக்கலாம், மின்னல் தாக்கி உருகிய மண்ணாக இருக்கலாம், பாசி எங்கள் நன்னீரில் உள்ளதுதான் என்று சொன்னார்கள். ஊரில் அந்த முதல் செய்தியைத் தெரிந்த ஆட்கள்தான் அதிகம், இரண்டாவதை யாரும் வாசிக்கவில்லை.

2025 ஏப்ரலில் கே2-18பி கிரகம். 124 ஒளியாண்டு தூரத்தில், உயிர் உண்டாக்கும் வாயு ஒன்றின் அடையாளம் என்று கேம்பிரிட்ஜ் குழு சொல்ல, மற்றக் குழுக்கள் அதே தரவில் அப்படி உறுதியாக ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இதே கதை. நாளைக்கு அந்த 100இல் ஒன்று "கிடைத்துவிட்டது" என்று வந்தால் நான் எப்படி நம்புவது?

உவர்மலை பழைய பென்டியம் எழுதியது:

நல்ல கேள்வி மச்சான். வந்த உடனே நம்பாதே. நானும் நம்பமாட்டேன்.

நீ சொன்ன கல்லைத்தான் எடுத்துப் பார். விழுந்த கல் வயலில் கிடந்தது, ஈர மண், எங்கள் நீர், எங்கள் பாசி. வெளியே இருந்து வந்தது என்று சொல்வதற்கு முன் உள்ளூர்க் காரணம் ஒவ்வொன்றையும் அடைத்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை. வானொலித் தேடலில் இதற்கு ஒரு ஒழுங்கு உண்டாகியிருக்கிறது, அதனால்தான் எனக்கு இந்தத் துறையில் மரியாதை.

2019இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைகாட்டியை எங்களுக்கு மிக அண்மை நட்சத்திரமான புரொக்சிமா சென்டோரி பக்கம் திருப்பியபோது 982 மெகாஹேர்ட்ஸில் ஒரு குறுகிய அலை. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது இருக்கிறது, வேறு பக்கம் திருப்பினால் காணவில்லை. நழுவவும் செய்கிறது. எல்லாச் சோதனையும் பாஸ்! பிஎல்சி1 என்று பெயர் வைத்தார்கள். யாரும் ஓடிப்போய் மேடை போட்டு அறிவிக்கவில்லை, செய்தி 2020 டிசம்பரில் கசிந்துதான் வெளியே வந்தது. அவர்கள் தங்கள் பழைய பதிவுகளைக் கிண்டினார்கள், கிண்டினால் அதே வடிவத்தில், அதே மாதிரி நழுவலோடு, வேறு மீடிறன்களிலும் அலைகள் இருக்கின்றன, அவை நட்சத்திரத்தைப் பார்க்காத நேரத்திலும் வருகின்றன. மனிதர்களின் மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கிய குறுக்கீடு என்று 2021இல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். பிடித்தவர்களே தாங்கள் பிடித்ததை உடைத்தார்கள், நம்பிக்கை எனக்கு அங்கேதான் வருகிறது.

அதே பார்க்ஸில் பல வருடம் விளங்காமல் இருந்த ஒரு வகைத் துடிப்பு, 2015இல் பார்த்தால் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு. வேலை முடியுமுன் கதவைத் திறந்தால் ஒரு கணம் அலை வெளியே பாயும். சும்மா "அடுப்பாக இருக்கலாம்" என்று சொல்லி விடாமல், தொலைகாட்டி எந்தக் கோணத்தில் இருக்கும்போது கதவைத் திறந்தால் அந்தத் துடிப்பு வருகிறது என்று செய்து காட்டி நிறுவினார்கள்.

ஆகவே 100இல் ஒன்று வந்தால் நான் கேட்கப்போவது: பாஸ்ட் மறுபடி அதே இடத்தில் அதைக் கேட்டதா, வேறு நாட்டில் வேறு ஆட்கள் வேறு கருவியால் கேட்டார்களா, பூமியின் சுழற்சியோடு நழுவல் ஒத்துப்போகிறதா. இந்த மூன்றுக்கும் ஆம் என்று வந்தால் நிலாவெளிக்கு வந்து உன்னை எழுப்பிச் சொல்வேன். ஓகியோவில் 1977 ஓகஸ்ட் 15 கேட்ட வாவ் சமிக்ஞை 72 செக்கன் வந்து போனது, பிறகு எத்தனையோ பேர் காது கொடுத்தும் திரும்ப வரவில்லை. அழகான பதிவு, ஆனால் ஒரே ஒரு தடவை என்றால் அதை வைத்து ஒன்றும் கட்ட முடியாது.

டொரன்டோ திருமலையான் எழுதியது:

பிறந்தது மட்டிக்களி, இப்போது கனடா. கிண்ணியாத் தம்பி கவனிக்க ஒரு விடயம். 2023 ஜனவரியில் நேச்சர் அஸ்ட்ரோனொமி ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது, முதல் ஆசிரியர் பீற்றர் மா, டொரன்டோ பல்கலைக்கழக மாணவர். அமெரிக்காவின் கிரீன் பாங்க் தொலைகாட்டி 820 நட்சத்திரங்களைப் பார்த்த 480 மணி நேரப் பதிவை எடுத்து, இயந்திரக் கற்றலால் அலசி, முன்பு பழைய முறையில் தப்பிப்போன 8 சமிக்ஞைகளைப் பிரித்தார்கள். திரும்பப் பார்த்தபோது அவை வரவில்லை, அது வேறு. நான் சொல்ல வந்தது, பள்ளிப் பருவத்திலேயே அவர் தொடங்கிய வேலை அது. வேற்றுலகச் சமிக்ஞை தேடும் பிரேக்துரூ லிசின் திட்டத்தின் தரவுகளில் பெருமளவு யாரும் இறக்கலாம், அலசும் மென்பொருளும் பைதன் மொழியில் இலவசமாகக் கிடைக்கிறது. 1999இல் எங்களிடம் கணினி நேரத்தை மட்டும் கேட்டார்கள். இப்போது யோசனையையே கேட்கிறார்கள்.

கிண்ணியா தம்பி எழுதியது:

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி, டீச்சருக்கும். எனக்கு ஓரளவு பைதன் தெரியும். மடிக்கணினி ஒன்று இருக்கிறது, பெரிய காசு இல்லை. செட்டி அட் ஹோம் முடிந்துவிட்டது என்றால் எங்கே தொடங்குவது? சும்மா ஓட விட்டுவிட்டுப் படுக்க எனக்கு விருப்பமில்லை, நானே ஒன்றைக் கேட்க வேண்டும்.

உவர்மலை பழைய பென்டியம் எழுதியது:

இதைத்தான் தம்பி எதிர்பார்த்தேன்.

ஓட விடுகிற வேலை வேண்டுமென்றால் ஐன்ஸ்டைன் அட் ஹோம் இன்னும் நடக்கிறது. 2010இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியும் ஜேர்மனியில் ஒருவரும் வீட்டில் ஓட விட்ட கணினிகள், அதே அரெசிபோவின் பதிவிலிருந்து செக்கனுக்கு சுமார் 41 தடவை சுற்றும் பல்சர் (சுழன்றபடி வானொலித் துடிப்பு அனுப்பும் நட்சத்திரம்) ஒன்றைக் கண்டுபிடித்தன. வீட்டுக் கணினியால் வானத்தில் ஒரு பொருள் புதிதாகக் கிடைக்கும் என்பதற்கு அது போதும்.

நீயே கேட்பதென்றால் ஆர்டிஎல் எஸ்டிஆர் டொங்கிள் ஒன்று வாங்கு. கணினியில் ரீவி பார்க்க என்று செய்த யூஎஸ்பி சாதனம், 2012 அளவில் அதை எல்லா அலையும் வாங்கும் வானொலியாகப் பாவிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். சுமார் 24 முதல் 1,700 மெகாஹேர்ட்ஸ் வரை வாங்கும். முதலில் பழகுவதற்குத் துறைமுகம் இருக்கிறது. கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் 162 மெகாஹேர்ட்ஸ் பக்கம் விடாமல் அறிவித்துக்கொண்டிருக்கும், கிண்ணியாவில் ஒரு கம்பித் துண்டை யன்னலில் கட்டினாலே குடாவுக்குள் வருகிற கப்பல் உன் திரையில் வரும். இரைச்சல் எது, சமிக்ஞை எது என்று கண் பழகட்டும். உன் வீட்டு எல்ஈடி பல்ப், போன் சார்ஜர், கூரைச் சோலார் இன்வேட்டர் எல்லாம் எவ்வளவு சத்தம் போடுகின்றன என்று ஒரு தடவை பார்த்துவிட்டால், 1,200 கோடியில் ஏன் 100 மிஞ்சியது என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அடுத்தது ஐதரசன் கோடு, 1420.406 மெகாஹேர்ட்ஸ். 1959இல் கொக்கோனி, மொரிசன் என்ற இரண்டு பௌதிகவியலாளர்கள், யாராவது எங்களைக் கூப்பிடுவதென்றால் இங்கேதான் கூப்பிடுவார்கள் என்று எழுதிய இடம், ஏனென்றால் பிரபஞ்சத்தில் மிக அதிகமாக உள்ள அணுவின் அலை எந்த உலகத்து வானியலாளருக்கும் தெரிந்திருக்கும். 1400 முதல் 1427 வரை உலகம் முழுக்க ஒருவரும் ஒலிபரப்பக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வைபைக்கு விற்கும் ஒரு மீற்றர் அளவுக் கம்பிவலை டிஷ், அல்லது தகரத்தால் நீயே மடித்த கொம்பு வடிவ அன்ரெனா, அதன் வாயிலேயே வடிகட்டியோடு கூடிய சிறிய அம்பிளிபயர், பிறகு டொங்கிள். அம்பிளிபயரில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதே, அன்ரெனாவுக்கும் அதற்கும் இடையில் நீண்ட கேபிளும் போடாதே.

நேரே உச்சியைப் பார்த்து வைத்துவிடு, திருப்பவே தேவையில்லை. பூமி சுற்றச் சுற்ற பால்வீதி நாளுக்கு இரண்டு தடவை எங்கள் தலைக்கு மேலே கடக்கும், டீச்சர் சொன்ன திருவோணத்துக்குச் சற்று முன்னால் ஒரு தடவை, திருவாதிரை கடந்து முக்கால் மணி அளவில் இன்னொரு தடவை. சில நிமிடப் பதிவைச் சராசரியாக்கு. பால்வீதி இல்லாத வெறும் வானத்துப் பதிவை அதிலிருந்து கழி. ஒரு மேடு எழும். அந்த மேடு 1420.406இல் சரியாக இருக்காது, செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் வேகத்துக்கு 4.7 கிலோஹேர்ட்ஸ் வீதம் விலகியிருக்கும், அதை அளந்தால் பால்வீதியின் கை எந்த வேகத்தில் எங்களை நோக்கி வருகிறது, விலகுகிறது என்று உன் கையால் கணக்கிடலாம். பூமியின் சுற்றோட்ட வேகத்தைக் கழிக்க மறக்காதே, அது செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வரை போகும்.

இதில் வேற்றுலக ஆட்கள் பிடிபட மாட்டார்கள், ஒரு மீற்றர் டிஷ்ஷுக்கு அது எட்டாது. ஆனால் டொரன்டோ அண்ணா சொன்ன தரவை இறக்கித் திறக்கும்போது, திரையில் தெரிகிற ஒவ்வொரு கோடும் என்ன என்று கேட்கத் தெரிந்த ஆளாக இருப்பாய்.

நிலாவெளி அலை எழுதியது:

என்னிடம் பழைய வைபை டிஷ் ஒன்று கிடக்கிறது தம்பி, உப்புக்காற்றில் கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது, வலை நல்லாத்தான் இருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ. மேடு தெரிந்தால் படத்தை இங்கே போடு, நானும் கணக்கைச் சரி பார்க்கிறேன்.

சாம்பல்தீவு டீச்சர் எழுதியது:

படத்தோடு நேரம், திகதி, அன்ரெனா பார்த்த கோணம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள் தம்பி, வெறும் வானத்துப் பதிவையும் தனியாகப் போடுங்கள். அது இல்லாமல் வேறு ஒருவரால் சரி பார்க்க முடியாது. உங்கள் கணக்கை என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தனியாகச் செய்யச் சொல்கிறேன், இரண்டு விடையும் ஒத்துவருகிறதா பார்ப்போம்.